தோட்டத்து மருந்து, கழிமுகத்து மீன்

லிங்கி ஆறு கடலோடு கலக்கிற இடத்தில் தண்ணீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் நிப்பா மரங்களைத் தாண்டி மேலே வரும். வற்றும்போது ஆறு சேற்றையும் சருகையும் இழுத்துக்கொண்டு இறங்கும். நாளுக்கு இரண்டு முறை இந்தப் போக்குவரத்து. சிரம்பானுக்கு மேலே மலைச்சரிவில் பிறந்து, ரந்தாவைக் கடந்து, சிம்பாங்கில் ரெம்பாவ் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, கோலா லிங்கியில் மலாக்கா நீரிணையைத் தொடும் இந்த ஆறு, வழியில் வாங்கிக்கொண்டு வந்ததை உடனே கடலிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. கழிமுகத்தில் அது மேலும் கீழுமாக அலைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் படிகிறது. அந்தச் சேற்றில்தான் மடவை மேய்கிறது. செம்பிலாங் கெளுத்தி அங்கேதான் இரை கிளறுகிறது. சந்தையில் சியாக்காப் என்று நாம் வாங்கும் கொடுவா, குஞ்சுப் பருவத்தில் அலையாத்தி வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்வதும் இங்கேதான்.

ஆற்றில் கலப்பவை பல. நகரத்துக் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு, செம்பனை ஆலைத் தண்ணீர் எல்லாம் சேர்கின்றன. அவற்றைப் பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. ஏனென்றால் அவை நாறும், நுரைக்கும், தண்ணீரின் நிறத்தை மாற்றும். தோட்டத்தில் அடிக்கிற மருந்துக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. மழை பெய்த மறுநாள் அது வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குப் போவதை யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு நஞ்சு புதிதல்ல. ரப்பர் காலத்தில் லாலாங் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். சுத்தமான பாஷாணம் அது. போருக்குப் பிறகு 2,4-டி, 2,4,5-டி போன்ற களைக்கொல்லிகள் வந்தன. 1962இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பாராகுவாட் சீக்கிரமே மலாயாத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் மருந்துகளின் பட்டியல் நீண்டது. மரத்தடி வட்டத்தைச் சுத்தமாக வைக்கக் கிளைஃபோசேட், குளூஃபோசினேட், மெட்சல்ஃபுரான். இளங்கன்றின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டுக்குச் சைபர்மெத்ரின். ஓலையை அரிக்கும் கூட்டுப்புழுவுக்கு, மரத்தில் துளை போட்டு ஊற்றும் மோனோகுரோட்டோஃபாஸ், மெத்தமிடோஃபாஸ், அசிஃபேட். தெளிப்பவர் முதுகில் 16 லிட்டர் பம்பு. வேலை முடிந்ததும் அந்தப் பம்பை எங்கே கழுவுகிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கும், வயலில் ஒரு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஓடை இருந்தால் அதில்தான் கழுவுவார்கள். ஒரு முழு வயலிலிருந்து வழிந்துவருவதைவிட, கலக்குகிற தொட்டியடியில் சிந்துவதும் பம்பு கழுவிய தண்ணீரும் அந்தச் சிற்றோடைக்குச் செய்கிற கெடுதல் சில நேரம் பெரிது.

இந்தப் பம்பை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மருந்து கலந்த தண்ணீர் முதுகில் கசிய, வரிசை வரிசையாக நடந்தவர்கள். மூக்கில் ரத்தம் வடிந்ததும், நகம் கறுத்துக் கழன்றதும், கண் எரிந்ததும் லயத்துக்குள் சாதாரணப் பேச்சாக இருந்தன. 1991இல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகாநீத்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலைப்பின்னலின் ஆசிய பசிபிக் கிளையோடு சேர்ந்து, தோட்டத்துப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 1992இலும் 2002இலும் அறிக்கைகள் வெளியிட்டது. 2002 ஆகஸ்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அதே அரசு தடையைத் தளர்த்தியது. ஐரின் 2014 மார்ச்சில் காலமானார். பாராகுவாட்டின் முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் தங்கள் நகங்களைக் காட்டி, வாய்விட்டுச் சொல்லி, அறிக்கையாக எழுதிக் கொடுத்தும் 18 ஆண்டு பிடித்தது.

மீனுக்கு வாயில்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பூச்சிமருந்தால் மீனுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால், செத்து மிதக்கும் என்றுதான் உடனே நினைப்போம். அப்படியும் நடந்ததுண்டு. 1955இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செயின்ட் லூசி வட்டாரத்து உப்புச் சதுப்பில் மணற்கொசுவை ஒழிக்க டீல்ட்ரின் தூவினார்கள். ஏறத்தாழ 2,000 ஏக்கரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதினார். ஆனால் கழிமுகங்களில் இன்று நடப்பது பெரும்பாலும் அந்த வகைச் சாவல்ல. மீன் உயிரோடுதான் இருக்கும். உயிரோடு இருந்துகொண்டே நோயாளியாகும்.

அதன் நரம்பிலிருந்து தொடங்கலாம். நம் உடம்பிலும் மீன் உடம்பிலும் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. செய்தி சேர்ந்ததும் அதைத் துடைத்து எடுக்க ஒரு நொதி உண்டு: கோலின்எஸ்டரேஸ். குளோர்பைரிஃபாஸ், மோனோகுரோட்டோஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் கார்போஃபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. அழைப்பு மணியை அழுத்தியவர் விரலை எடுக்காமலே நிற்பதுபோல் நரம்பு விடாமல் கூவிக்கொண்டே இருக்கிறது, தசை களைத்துவிடுகிறது. மருந்தின் அளவு கூடினால் சாவு. குறைந்தால் மீன் மெதுவாக நீந்தும், இரையைத் தவறவிடும், எதிரி வரும்போது ஒரு நொடி தாமதிக்கும். கழிமுகத்தில் அந்த ஒரு நொடி போதும், அது வேறொரு மீனின் வயிற்றுக்குள் போய்விடும். செத்த மீனாக அது யார் கணக்கிலும் வராது.

மோப்பமும் கெடுகிறது. 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சின்னூக் சால்மன் மீன்களை வைத்துச் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு டயசினான் இருந்தாலே, ஆபத்தின் வாசனை வந்தும் அவை ஒடுங்கி நிற்கவில்லை. வழக்கம்போல் நீந்தி மேய்ந்துகொண்டிருந்தன. பார்ப்பவருக்கு அவை நல்ல ஆரோக்கியமான மீன்கள்.

அடுத்து செவுள். கழிமுக மீனின் உடல்நலம் முழுக்க அதன் செவுளில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. நன்னீரில் மீனின் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும், அதைத் தடுத்து உள்ளே இழுக்க வேண்டும். கடல் நீரில் உப்பு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், அதை வெளியே தள்ள வேண்டும். ஆற்று மீனுக்கு ஒரு வேலை, கடல் மீனுக்கு மறு வேலை. கோலா லிங்கியின் மடவையோ கொடுவாவோ ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டும். செவுளில் உள்ள சில செல்கள் இந்த உப்பு இறைப்பைச் செய்கின்றன. அவற்றை இயக்குவது சோடியம், பொட்டாசியம் இரண்டையும் மாற்றிமாற்றித் தள்ளும் ஒரு நொதி. டிடிடி, எண்டோசல்ஃபான், பைரித்ராய்டு வகை மருந்துகள் இந்த நொதியின் வேகத்தைக் குறைப்பதை ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. நல்ல செவுளின் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்தால், மெல்லிய தகடுகள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்பது தெரியும். மருந்தில் கிடந்த மீனின் செவுளில் அந்தத் தகடுகள் வீங்கியிருக்கும். மேல்தோல் உரிந்து எழும்பியிருக்கும். பக்கத்துத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்கான பரப்பும் உப்பை இறைக்கும் இடமும் சேர்ந்தே சுருங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட மீனுக்கு ஒவ்வொரு கடல் ஏற்றமும் ஒரு சோதனை.

உப்பே நஞ்சைக் கூட்டுவதும் உண்டு. அல்டிகார்ப் என்ற கார்பமேட் மருந்து, உப்புத் தண்ணீருக்குப் பழகிய ஜப்பானிய மெடாகா மீனுக்கு நன்னீரில் இருப்பதைவிட அதிகக் கேடு செய்வதை 1990களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டார்கள். உப்பைத் தாங்குவதற்காக மீனின் உடம்பு முடுக்கிவிடும் நொதிகளே அந்த மருந்தை இன்னும் கொடிய பொருளாக மாற்றின. நன்னீர்த் தொட்டியில் ஒரு மருந்தைச் சோதித்துவிட்டு, இது இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று கழிமுகத்துக்கும் அதே அளவை எழுதிக்கொடுப்பது சரியான முறையல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

செம்பனைத் தோட்டத்தில் இப்போது அதிகம் கவலைப்பட வேண்டியது சைபர்மெத்ரின் என்பது என் கருத்து. மனிதருக்கும் மாட்டுக்கும் அதன் கெடுதல் ஒப்பீட்டில் குறைவு; நம் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும். அதனாலேயே பாதுகாப்பான மருந்து என்று பேர் வாங்கியிருக்கிறது. மீனின் உடம்புக்கு அந்த வேகம் கிடையாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும், பல மீன்கள் சாகும்; இறாலுக்கு அதைவிடக் குறைவு போதும். தண்ணீரில் கரைய மறுத்து மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அதற்கு. மேட்டில் இது நன்மை. மழை அந்த மண்ணைக் கரைத்து ஆற்றில் இறக்கிவிட்டால் கதை வேறு. ஆற்று நீர் உப்பைச் சந்திக்கும் இடத்தில் நுண்ணிய களிமண் துகள்கள் திரண்டு கனத்து அடியில் உட்காரும். மண்ணோடு மருந்தும் உட்காரும். மடவை வாய்நிறைய அள்ளி வடிகட்டித் தின்பது அந்தச் சேற்றைத்தான்.

கிளைஃபோசேட்டைப் பற்றி மனிதர் உடல்நலத்தை வைத்து உலகமெங்கும் வழக்குகள் நடக்கின்றன. மீனைப் பொறுத்தவரை, இலையில் ஒட்டுவதற்காக அந்த மருந்தோடு கலக்கும் ஒட்டுப்பொருள் சில தயாரிப்புகளில் மருந்தைவிடக் கடுமையானது. டின்னின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது மருந்தின் பேர் மட்டுமே.

கொடுவாவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது ஆணாகப் பிறந்து, ஆணாக இனம் பெருக்கி, சில ஆண்டு கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறுகிறது. இந்த மாற்றம் முழுக்க ஹார்மோன்களின் வேலை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கரும்புத் தோட்டங்களின் தண்ணீர் இறங்கும் ஆறுகளில் இதே மீனை ஆராய்ந்தவர்கள், பெண் மீன் முட்டைக்கரு உண்டாக்கப் பயன்படுத்தும் மரபணு ஆண் மீன்களின் கல்லீரலில் கூடுதலாக விழித்திருப்பதைக் கண்டு 2015இல் எழுதினார்கள். கரும்பு விளையும் பரப்போடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. அங்கே கரும்பு, இங்கே செம்பனை. அடிக்கிற மருந்துகளும் வேறு. அங்கே கண்டதை அப்படியே லிங்கிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அதே மீன், அதே வகைக் கழிமுகம், மேலே அதே பெருந்தோட்டம். அங்கே கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதாதா?

ஆற்று இறாலான ஊடாங் காலாவின் பாடும் கழிமுகத்தோடு பிணைந்ததுதான். தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு உப்பு கலந்த தண்ணீருக்கு இறங்கி வந்தால்தான் குஞ்சு பிழைக்கும். 1960களின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோர் ஆய்வு நிலையத்தில் ஷாவ் வென் லிங் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகெங்கும் அந்த இறாலை வளர்க்க முடிந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்துக்குப் பூச்சி எது, இறால் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டும் கணுக்காலிகள். ஆற்று இறால் குறைந்துபோனதற்கு அளவில்லாமல் பிடித்தது, ஆற்றுமணல் அள்ளியது என்று காரணங்கள் அடுக்கப்படும்போது மருந்தையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உடம்பில் புண்ணோடு மீன் கிடைத்தால் அதெல்லாம் மருந்தின் வேலை என்று முடிவு கட்டக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் வடக்கே நெல்வயல் மீன்களுக்கு உடம்பெல்லாம் புண் வந்தது. பிறகு இலங்கையிலும், வடகிழக்கு இந்தியா தொடங்கித் தமிழ்நாடு, கேரளம் வரையிலும் அந்த நோய் பரவியது. வயல் மருந்துதான் காரணம் என்று பல இடங்களில் பேசினார்கள். கடைசியில் பிடிபட்டது அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி. ஆனால் அந்தக் கிருமிக்குக் கதவு வேண்டும். ஆஸ்திரேலியக் கழிமுகங்களில் மடவைக்கு வந்த அதே நோயை ஆராய்ந்தபோது, மழைக்குப் பின் அமிலத் தன்மையோடு இறங்கிய தண்ணீர் மீனின் தோலை முதலில் அரித்ததும், கிருமி பிறகு நுழைந்ததும் தெரியவந்தது. செவுளையும் தோலையும் எதிர்ப்புச் சக்தியையும் எது பலவீனப்படுத்தினாலும் அது கிருமிக்கு வழிவிடுகிறது. நோய்க்கு யார் காரணம் என்ற கேள்விக்கு ஒரே பேரைச் சொல்ல முடியாமல் போவதால்தான் மருந்து இத்தனை காலம் தப்பித்துக்கொண்டிருக்கிறது.

மீன் சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்பார்கள். டிடிடி, டீல்ட்ரின் போன்ற பழைய மருந்துகள் கொழுப்பில் தங்கி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, மீனிலிருந்து மனிதருக்கு ஏறும். 1983இலேயே ஜோதி என்ற ஆய்வாளரும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இருவரும் தீபகற்பக் கடலோர மீன்களிலும் சிப்பிகளிலும் அந்த மருந்துகளைத் தேடி அளந்து வெளியிட்டார்கள். இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை அப்படிச் சதையில் சேர்வதில்லை. ஆகவே குழம்புச் சட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டிய விஷயம் இதில் குறைவு. தட்டுக்கு வரும் மீனைவிட, தட்டுவரை வராமலே போகும் மீனைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

சரி, ஆற்றை யாராவது சோதிக்கிறார்களா? சோதிக்கிறார்கள். சுற்றுச்சூழல் துறை நாடெங்கும் ஆறுகளுக்குத் தரம் போடுகிறது. அந்தத் தரத்துக்கு ஆறு அளவுகள்: கரைந்த ஆக்சிஜன், உயிரியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை. கடலோர நீருக்கும் கழிமுகத்துக்கும் தனியாக ஒரு தரக் குறியீடு உண்டு. அதற்கு ஏழு அளவுகள். இரண்டிலும் பூச்சிமருந்து கிடையாது. ஓர் ஆறு 'சுத்தம்' என்று குறிக்கப்பட்டிருந்தால், அதில் மருந்து இல்லை என்று அர்த்தமல்ல. அந்தத் தரத்தை முடிவு செய்யும்போது மருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். தேசிய நீர்த்தரப் பட்டியலில் சில மருந்துகளுக்கு உச்ச வரம்பு இருப்பது உண்மை. அதில் உள்ளவை பெரும்பாலும் டிடிடி, ஆல்ட்ரின், லிண்டேன், எண்டோசல்ஃபான், 2,4,5-டி, பாராகுவாட் என்று பழைய தலைமுறை மருந்துகள். டிடிடி 1999லும் எண்டோசல்ஃபான் 2005லும் இங்கே தடை செய்யப்பட்டுவிட்டன.

தேடினால் கிடைக்கிறது என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2002, 2003ஆம் ஆண்டுகளில் சிலாங்கூர் ஆற்றில் தேடியவர்களுக்கு லிண்டேன், எண்டோசல்ஃபான், டிடிடி, குளோர்பைரிஃபாஸ், டயசினான் எல்லாம் கிடைத்தன. பிறகு புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தினர் லாங்காட் ஆற்றில் குளோர்பைரிஃபாஸ், டயசினான், குயினால்ஃபாஸ் மூன்றையும் கண்டார்கள். லாங்காட் சிலாங்கூர் மாநிலத்து ஆறுதானே என்று சிரம்பான்காரர் தள்ளிவிட முடியாது; லாபு, நீலாய் பக்கத்துத் தண்ணீர் லாங்காட்டில்தான் போய்ச் சேர்கிறது. 2023 மே மாதம் முதல் குளோர்பைரிஃபாஸ், கார்போஃபியூரான் இரண்டுக்கும் விவசாயத்தில் தடை வந்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் ஒன்றைத் தடை செய்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வருகிறது என்பதுதான் இந்தத் தோட்டங்களின் நூறாண்டு அனுபவம். மருந்தைத் துரத்திக்கொண்டே போவதைவிட மீனைக் கேட்பது மேல்.

மீனைக் கேட்கும் வழி நம்மிடம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் தெளிப்பவர் உடம்பில் மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் என்ன செய்வார்? ரத்தம் எடுத்துக் கோலின்எஸ்டரேஸ் அளவைப் பார்ப்பார். மீனின் மூளையிலும் தசையிலும் அதே நொதிதான் இருக்கிறது. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர் மீன்களிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்து, தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று காட்டும் சோதனைக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் செர்டாங்கிலிருந்து கோலா லிங்கிக்குக் காரில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். களைக்கொல்லிகளை இந்தச் சோதனை காட்டாது; அதற்குச் செவுளையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். அதுவும் முடியாத காரியமல்ல.

நெகிரி செம்பிலானுக்கு எண்ணத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1998, 1999இல் நிப்பா நோய் வந்தபோது போர்ட்டிக்சன் மாவட்டத்து புக்கிட் பெலாண்டோக்கும் சுங்கை நிப்பாவும் உலகச் செய்தியாயின. நாட்டில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன; ஒவ்வொன்றும் கணக்கில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த நோயை இவ்வளவு துல்லியமாகப் பதிந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் உள்ள நாடு இது. ஆனால் பூச்சிமருந்துச் சட்டம் விவசாயத் துறையிடம் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் சுற்றுச்சூழல் துறையிடம், மீன் மீன்வளத் துறையிடம். கழிமுகத்து மீனின் செவுள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கவில்லை.

தோட்டங்களும் செய்ய முடிந்தது நிறைய. எலிக்கு ஆந்தைக் கூடு வைக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நன்றாகவே நடக்கிறது. பாதையோரத்தில் துர்னேரா, கேசியா, கொடிரோஜா நட்டால் கூட்டுப்புழுவைத் தின்னும் பூச்சிகள் பெருகும் என்பதும், காண்டாமிருக வண்டை வாசனைப் பொறியில் பிடிக்கலாம் என்பதும் அறிந்ததே. முன்பு லயத்து மாடுகள் மேய்ந்து புல்லைக் குறைத்தன. இன்று பல நிர்வாகங்கள் மாடே கூடாது என்கின்றன. அந்த முடிவு எத்தனை டின் புல்லு மருந்தைக் கூடுதலாக வாங்க வைக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றோரத்தில் ஒதுக்க வேண்டிய இடமும் விதியில் தெளிவாக இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டலில் அகலம் 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். பெரிய ஆற்றோரத்தில் இது கடைப்பிடிக்கப்பட்டாலும், தோட்டத்துக்குள்ளே கிடக்கும் சின்ன வாய்க்காலை யாரும் ஆறாக நினைப்பதில்லை. செம்பனைக் கன்று அதன் விளிம்புவரை நிற்கிறது, மருந்தும் அதுவரை அடிக்கப்படுகிறது. ஆற்றுக்குப் போகும் மருந்தின் வாசல் அந்த வாய்க்கால்தான்.

மறுநடவு நடக்கும் தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு வண்டு மருந்து அடிக்கும் மாதங்கள் நிர்வாகத்தின் அட்டவணையில் முன்கூட்டியே இருக்கும். அந்த அட்டவணையை வாங்கி, தெளிப்புக்கு முன் ஒரு தடவை, தெளித்தபின் முதல் கனமழை முடிந்து ஒரு தடவை, சிம்பாங்கிலும் கோலா லிங்கியிலும் மடவை, கெளுத்தி, கொடுவாக் குஞ்சு பிடித்துச் செவுளையும் மூளையையும் சோதித்து, கூடவே அதே இடத்துச் சேற்றையும் எடுத்து, கிடைக்கிற எண்ணை இரு கரை மக்களும் படிக்கும்படி மலாயிலும் தமிழிலும் வெளியிட வேண்டும். நெகிரி செம்பிலான், மலாக்கா இரு மாநில அரசுகளும் சேர்ந்து இதை அடுத்த மறுநடவுப் பருவத்திலேயே தொடங்க முடியும்.